துண்டு, தகரம், செக்ரோல்: ஊவாத் தோட்டங்களின் ஏட்டுக் கதை



பதுளை என்றவுடன் துன்ஹிந்தை நீர்வீழ்ச்சியை நினைப்பார் பலர். தெமோதரையிலே தன் உடலைத் தானே சுற்றிக்கொண்டு மலையேறும் புகையிரதப் பாதையை நினைப்பார் சிலர். தோட்டத்துக் கந்தோரை நினைப்பார் ஒருவருமிலர். ஆயினும், ஊவா மாகாணத்துத் தமிழ்த் தொழிலாளரின் வாழ்வை உருவாக்கியதில் மலைக்கும் மழைக்கும் உள்ள பங்கிற்குச் சற்றும் குறையாத பங்கு, அக்கந்தோரின் மேசைமேற் கிடந்த ஏடுகளுக்கு உண்டு. கந்தோர் என்பது ஒல்லாந்தர் நமக்கு விட்டுச்சென்ற சொல். தோட்டத்தார் அதனை ஆபிஸ் என்றே வழங்குவர்.

அவ்வேடுகள் இப்பொழுது கணினிக்குள் புகுந்துவிட்டன. விரிதாளிலே தொழிலாளரின் பெயரும், வேலை நாட்களும், பறித்த கொழுந்தின் நிறையும் பதிந்து வைத்துப் பொத்தான் ஒன்றை அழுத்தினால், ஒரு மாதத்துச் சம்பளக் கணக்கு முழுவதும் கண்மூடித் திறக்குமுன் முடிந்துவிடும். அப்பொத்தானுக்குப் பின்னால் ஒருமுறை எழுதி வைக்கப்பட்டுள்ள கட்டளைத் தொகுதிக்கு மேக்ரோ என்று பெயர். பெரியது, நீண்டது என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து அது வந்தது. ஒரு பெருங்கட்டளை பல சிறு கட்டளைகளாய் விரிவதனால் 1950களின் கணினி அறிஞர்கள் அப்பெயரை வழங்கினர். சொல் புதிது, ஆனால் அது செய்யும் காரியமோ ஊவாவுக்குப் பழையது. ஒரே வேலையை ஒரே விதமாகப் பல்லாயிரம் பேருக்குச் செய்து முடிப்பதற்கும், செய்த கணக்கைப் பிறர் கை படாமற் காப்பதற்கும் தோட்டத்து நிருவாகம் தகரத்தாலும் காகிதத்தாலும் கண்ட வழிகளை முதலில் நோக்குவோம்.

ஊவா 1886ஆம் ஆண்டிலே தனி மாகாணமாயிற்று. அதற்கு முன்னரே கோப்பிப் பயிர் அங்கு தழைத்திருந்தது. அப்பயிரை அழித்த இலைநோய் இலங்கையில் முதன்முதலாகக் காணப்பட்டதும் ஊவாவைச் சேர்ந்த மடூல்சீமையிலேதான், ஆண்டு 1869. கோப்பி மடிந்த மண்ணிலே தேயிலை எழுந்தது. 1890இல் தோமஸ் லிப்டன் அப்புத்தளைப் பகுதியிலே தம்பேத்தனை முதலிய தோட்டங்களை வாங்கினார். புகையிரதம் பதுளையை எட்டியது 1924இல். கோப்பிக்குப் பறிப்புக் காலத்தில் மட்டும் ஆள் வேண்டும். தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் ஆள் வேண்டும். வந்து போனவர்கள் தங்கி வாழலாயினர். தங்கி வாழ்பவர்க்குக் கணக்கும் தங்கியது.

அக்கணக்கின் முதல் ஏடு ‘துண்டு’. ஒரு கங்காணியின் கீழுள்ள ஆட்கள் தோட்டத்துக்கு இவ்வளவு கடன்பட்டிருக்கிறார்கள், அக்கடனைக் கட்டினால் இவர்களை விடுவிக்கச் சம்மதம் என்று துரை எழுதிக் கொடுக்கும் சிறு கடிதமே துண்டு. கங்காணி அதனைக் கையிற்கொண்டு வேறு தோட்டங்களின் வாயிலில் நிற்பார். ஆள் தேவைப்பட்ட துரை அக்கடனைக் கட்டி ஆட்களை ஏற்பார். கட்டிய தொகை ஆட்களின் பேரிலேயே மீண்டும் கடனாய் எழுதப்படும். சில வேளைகளில் கங்காணியின் முன்பணமும் சேர்ந்து அது முன்னையினும் பெருகும். துண்டு இல்லாத ஆளைச் சேர்ப்பதில்லை என்பது தோட்டக்காரர்களிடையே நிலவிய கட்டுப்பாடு.

ஏட்டைக் காப்பது என்னும் நோக்கிலே பார்த்தால் துண்டு மிகத் திறமையான ஏடு. அதற்குப் பூட்டில்லை, காவலாளி இல்லை. ஆயினும் அஃதின்றி ஒருவர் பண்டாரவளையிலிருந்து பசறைக்கு வேலை மாறிச் செல்ல இயலாது. அது யாருடைய பணத்தைக் காத்தது என்று கேட்டால், கடன் கொடுத்தவருடையதை என்பதே விடை. யாரைப்பற்றி அது பேசிற்றோ அவருக்கு அதனைப் படிக்கத் தெரியாது. அதிலே எழுதப்பட்ட தொகை சரியோ பிழையோ என்று கேட்பதற்கு அவரிடம் எதிர்க்கணக்கும் இல்லை. 1921ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தால் துண்டு முறை ஒழிக்கப்பட்டது.

அடுத்து வந்தது தகரம். 1901ஆம் ஆண்டளவில் தொடங்கிய இம்முறையிலே, தமிழகத்திலிருந்து புறப்படும் ஒவ்வோர் ஆளுக்கும் சிறு தகரவில்லை ஒன்று கொடுக்கப்பட்டது. மாவட்டத்தைக் காட்டும் எழுத்து, தோட்டத்தைக் காட்டும் எண், ஆளைக் காட்டும் தொடரெண் ஆகியவை அதிலே பொறிக்கப்பட்டிருந்தன. தூத்துக்குடிக்கு அருகிலுள்ள தட்டப்பாறை முகாமிலும், பிற்காலத்தில் 1917 முதல் மண்டபம் முகாமிலும், வில்லையைப் பார்த்தவுடன் இவர் எங்கே போகவேண்டியவர், இவருடைய வழிச்செலவை எந்தத் தோட்டத்தின் கணக்கிலே எழுதவேண்டும் என்பவை தெரிந்துவிடும். பெயரைக் கேட்க வேண்டுவதில்லை. ஊரைக் கேட்க வேண்டுவதில்லை. கணினிக்காரர் இந்நாளில் அடையாளக் குறியீடு என்று கூறுவது இதனையே. பொதியிலே ஒட்டவேண்டியதை மனிதரின் கழுத்திலே கட்டினார்கள் என்று அக்காலத்தவர் மனம் புழுங்கியதிற் குற்றமில்லை. ஆயினும் ஒன்று சொல்லவேண்டும். அவ்வெண்ணினால் பயணம் ஒழுங்குபட்டது. கங்காணியின் கையை நம்பி வழியிலே தவிப்பது குறைந்தது. எண்ணுக்குத் தன்னளவிலே இரக்கமும் இல்லை, கொடுமையும் இல்லை. எழுதுபவரின் கருத்தையே அது சுமக்கின்றது.

துண்டும் தகரமும் மறைந்தன. மறையாது நின்றது செக்ரோல். ஊவாத் தோட்டங்களில் இச்சொல்லைத் தமிழென்றே கருதும் அளவுக்கு அது வழங்குகின்றது. விடியற்காலையிற் பிரட்டுக்களத்திலே ஆட்கள் கூடுவர். யார் யார் எந்த மலைக்கு என்று பிரிக்கப்படுவர். மாலையிற் கணக்கப்பிள்ளை ஒவ்வொருவருக்கும் நேரே அன்றைய வேலையைக் குறிப்பார். முழுநாள் வேலைக்குப் ‘பேர்’ விழும், குறைந்தால் ‘அரைப்பேர்’. மாதமுடிவில் இக்குறிகள் பெரிய கிளாக்கரின் மேசைக்கு வந்து தொகைகளாய் மாறும். நாட்களைக் கூலியாற் பெருக்குதல், கைக்காசைச் சேர்த்தல், அரிசி, கம்பளி, முன்பணம், வண்ணார் கூலி என்பவற்றைக் கழித்தல் என்று ஒரே வரிசையிற் கணக்கு ஓடும்.

நல்ல கிளாக்கர் ஒருவர் இவ்வேட்டைப் பாதுகாத்த முறை கவனிக்கத்தக்கது. மையினால் எழுதுவார். பிழையைச் சுரண்டி அழிக்கமாட்டார். ஒரு கோடு இழுத்து, மேலே சரியானதை எழுதி, அருகே தம் சுருக்கொப்பம் இடுவார். பக்கத்தின் எண்களைக் குறுக்கே கூட்டுவார், நெடுக்கே கூட்டுவார், இரண்டும் மூலையிற் சந்திக்கவேண்டும். சந்திக்கவில்லையெனில் விளக்கைத் தூண்டிக்கொண்டு மறுபடியும் தொடங்குவார். இப்பழக்கத்தை நினைவில் வைத்திருங்கள். மேக்ரோ எழுதும்போது இது நமக்கு வேண்டும்.

ஆயினும் குறுக்குக் கூட்டலும் நெடுக்குக் கூட்டலும் பிடிக்கவியலாத பிழை ஒன்றுண்டு. மலையிலே முழுப்பேருக்கு வேலைசெய்தவளுக்கு அரைப்பேர் குறிக்கப்பட்டால், அப்பாற் செய்யும் கணக்கெல்லாம் அப்பழுக்கின்றிச் சரியாகவே வரும். அரைப்பேர் அநியாயம் பற்றி மலையகத்தார் தலைமுறை தலைமுறையாகப் பேசிவந்ததற்குக் காரணம், அங்கே கணக்குத் தவறாததே.

ஏடு தோட்ட எல்லையைத் தாண்டி நாட்டின் வாயிலில் நின்ற காலமும் வந்தது. 1947ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் இலங்கை இந்திய காங்கிரசு 7 ஆசனங்களை வென்றது. அவற்றுள் ஒன்று பதுளை. அங்கே தெரிவானவர் எஸ். எம். சுப்பையா. அடுத்த ஆண்டு, 1948இன் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. 1949இன் 3ஆம் இலக்கச் சட்டம் இந்திய, பாகிஸ்தானிய வம்சாவளியினர் விண்ணப்பித்துப் பிரசாவுரிமை பெறும் வழியைக் கூறிற்று. அதே ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டம் பிரசைகளல்லாதார்க்கு வாக்கில்லை என்றது. 1952ஆம் ஆண்டுத் தேர்தலிலே மலையகத் தொழிலாளரின் பிரதிநிதி ஒருவரேனும் பாராளுமன்றத்துக்குச் செல்லவில்லை. வாக்காளர் இடாப்பிலிருந்து அவர்களைத் தனித்தனியே விசாரித்து நீக்க வேண்டிய தேவை எழவில்லை. விதி ஒன்றை எழுதி இடாப்பின்மேல் ஓடவிட்டாற் போதுமானதாயிற்று.

விண்ணப்பித்தவர்க்கு வேண்டியது என்ன? மணமானவராயின் 1946ஆம் ஆண்டு பிறப்பதற்கு முன் 7 ஆண்டும், மணமாகாதவராயின் 10 ஆண்டும் இடையறாது இங்கே வாழ்ந்தமைக்குச் சான்று வேண்டும். லயத்து அறையிலே பிறந்து, பிறப்பத்தாட்சிப் பத்திரமின்றி வளர்ந்தவர் எந்தச் சான்றைக் காட்டுவார்? தோட்டத்துச் செக்ரோலைத்தான் தேடவேண்டும். அதுவோ தோட்டத்தின் உடைமை. பழைய கட்டுகளைக் கறையான் அரித்திருக்கலாம். இருந்தாலும் அதிலே ‘ராமாயி’ என்று ஓரிடத்தும் ‘ராமாய்’ என்று ஓரிடத்தும் ஆங்கில எழுத்தில் இருக்கலாம். 8 இலட்சத்துக்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் செய்யப்பட்டன; அச்சட்டத்தின் கீழ்ப் பதியப்பட்டவர் ஏறத்தாழ 1,34,000 பேரே. எஞ்சியோரின் கதை 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் நுழைந்து, 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரை நீண்டது. நாட்கூலி போடுவதற்கென்று எழுதிய ஏடு, பின்னொரு நாளில் ஒருவருடைய நாட்டையே தீர்மானிக்கும் சான்றாகும் என்று அதனை எழுதிய கிளாக்கர் கனவிலும் எண்ணியிரார்.

இதே காலத்தில் இலண்டனில் நிகழ்ந்த ஒன்று நம் கதையோடு தொடர்புடையது. தேநீர்க் கடைகளாற் பெயர்பெற்ற ஜே. லயன்ஸ் கம்பனியார் தங்கள் கந்தோர் வேலைக்கென்று ‘லியோ’ என்னும் கணினியைத் தாமே கட்டினர். 1951ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் அது வணிகக் கணக்கை ஒழுங்காகச் செய்யத் தொடங்கிற்று. உலகிலே அவ்வேலையை மேற்கொண்ட முதற் கணினி அதுவே. சில ஆண்டுகளில் ஊழியர் சம்பளமும் தேயிலைக் கலவைக் கணக்கும் அதனிடம் ஒப்படைக்கப்பட்டன. அனுபவமுள்ள எழுதுவினைஞர் ஒருவர் ஓர் ஊழியரின் சம்பளத்துக்கு 8 நிமிடம் எடுப்பார். லியோ ஒன்றரை விநாடி எடுத்தது. தேநீர் விற்ற வீட்டிலே கணினி புகுந்துவிட்டது. கொழுந்து பறித்த வீட்டிற்கு அது வர நெடுங்காலம் ஆயிற்று.

வந்தபோது விரிதாளாக வந்தது. 1983இல் வெளிவந்த லோட்டஸ் 1-2-3 என்னும் மென்பொருளிலே மேக்ரோ எழுதும் வசதி இருந்தது. 1993 முதல் மைக்ரோசொப்ட் எக்செலிலே விஷுவல் பேசிக் மொழியால் அதனை எழுதலாம். எழுதத் தெரியாதவரும் மேக்ரோ ஆக்கலாம்: பதியும்படி கணினிக்குச் சொல்லிவிட்டு வேலையை ஒருமுறை கையாற் செய்து காட்டினால், அது பார்த்து எழுதிக்கொள்ளும். இங்கேதான் முதற் பள்ளம் இருக்கின்றது. வேலையைக் காட்டிய மாதத்திலே 312 தொழிலாளர் இருந்தனர் என வைத்துக்கொள்வோம். மேக்ரோ அந்த 312 வரிசைகளை மட்டுமே மனப்பாடஞ் செய்துகொள்ளும். அடுத்த மாதம் புதிதாய்ச் சேர்ந்த பெண்ணின் பெயர் 313ஆம் வரிசையில் இருக்கும். பொத்தானை அழுத்தியதும் அனைவருக்கும் கணக்கு முடியும். அவளுக்கு மட்டும் முடியாது. பிழை என்று மணியும் அடிக்காது. ஆதலின் கடைசிப் பெயர் எவ்வரிசையில் உள்ளது என்று மேக்ரோவே தேடிக் காணும்படி எழுதவேண்டும். கண்டபின் பெயர்களை எண்ணி, செக்ரோலில் உள்ள ஆள் தொகையோடு ஒப்பிட்டு, ஒவ்வாவிடில் அங்கேயே நிற்கும்படியும் எழுதவேண்டும். குறுக்கும் நெடுக்கும் கூட்டிய பழைய கிளாக்கரின் வழி இதுவே.

இரண்டாவது பள்ளம் கூலிவீதம். 2016ஆம் ஆண்டின் கூட்டு ஒப்பந்தப்படி நாட்சம்பளம் 730 ரூபா எனப்பட்டது; அதுவோ நான்கு துண்டுகளால் ஆனது: அடிப்படை 500, வரவுக்கு 60, உற்பத்தித்திறனுக்கு 140, விலைப்பங்கு 30. எல்லா நிபந்தனைகளையும் நிறைவேற்றி 22 நாள் வேலைசெய்தவர்க்கு மொத்தம் 16,060 ரூபா. ஊழியர் சேமலாப நிதிக்கு 8 வீதம் கழிப்பது அடிப்படைச் சம்பளத்தின் மீதாகையால், 11,000 ரூபாவுக்கு 880 ரூபா கழியவேண்டும். மேக்ரோ எழுதியவர் மறந்துபோய் மொத்தத் தொகையைப் பிடித்துக்கொண்டால் 1,284 ரூபா 80 சதம் கழியும். கையாற் கணக்கெழுதிய கிளாக்கர் ஒருவருக்குப் பிழை செய்வார். மேக்ரோ தோட்டம் முழுவதற்கும் ஒரே பிழையை ஒரே நொடியிற் செய்யும். 2019இல் வரவுக்கும் உற்பத்திக்கும் உரிய கொடுப்பனவுகள் நீங்கின. 2021இல் 1,000 ரூபா வந்தது. 2024இல் 1,350 ஆயிற்று. அதற்கும் முன்னே, 1984இல் ஆணுக்கும் பெண்ணுக்கும் சம கூலி என்று ஆனபோது செக்ரோலின் கணக்கே மாறிற்று. ஆகவே எந்த வீதத்தையும் கட்டளைக்குள்ளே புதைக்கலாகாது. வீதங்களை, அவை தொடங்கிய தேதியோடு, தனித்தாளிலே யாவரும் காண எழுதிவைத்து, மேக்ரோ அங்கே சென்று எடுத்துவருமாறு செய்தல் வேண்டும். அத்தாளைக் கணக்குத் தெரியாத தொழிற்சங்கக்காரர் ஒருவரும் பார்த்துக் கேள்வி கேட்க முடியும்.

காவலுக்கு வருவோம். விரிதாளைக் கடவுச்சொல் இட்டுப் பூட்டும் வழி ஒன்று எக்செலில் உண்டு. கைதவறி எழுதப்படுவதைத் தடுக்கும் வேலி அது. மனம்வைத்து நுழைபவரைத் தடுக்கும் மதிலன்று. கோப்பு முழுவதையும் மறைகுறியாக்கி, திறக்கும்போதே கடவுச்சொல் கேட்குமாறு செய்வது வேறு. பிரசாவுரிமை, வயது, வங்கிக் கணக்கு முதலியவை அடங்கிய ஏட்டுக்கு அதுவே தக்கது. கடவுச்சொல்லை மேக்ரோவின் உள்ளேயே எழுதிவைப்பார் சிலர். வீட்டைப் பூட்டித் திறவுகோலை வாசற்படியில் வைப்பது போன்றது இது. மேக்ரோவே கள்வனாகவும் வரலாம் என்பதையும் மறத்தலாகாது. 1995இல் வேர்ட் கோப்புகளின் வழியாக முதன்முதலிற் பரவிய மேக்ரோ வைரசும், 1999 மார்ச்சில் உலகமெங்கும் மின்னஞ்சல்களை அடைத்த மெலிசாவும் சாதாரணக் கந்தோர்க் கடிதம் போலவே வந்தன. 2022 முதல் இணையத்தினூடாக வந்த கோப்பிலுள்ள மேக்ரோக்களை மைக்ரோசொப்ட் தானாகவே தடுத்துவிடுகின்றது. அத்தடையை நீக்கச்சொல்லிக் கேட்கும் கோப்பு எவரிடமிருந்து வந்தது என்று தொலைபேசியிலே கேட்டறிந்தபின் நீக்குதல் நன்று.

ஆனால் வெளிக்கள்வனைவிட உள்ளே நிகழும் மாற்றமே தோட்டத்து ஏட்டுக்குப் பேராபத்து. பழைய கிளாக்கர் கோடிழுத்துச் சுருக்கொப்பம் இட்டாரல்லவா? விரிதாளிலே எண்ணை மாற்றினால் முந்திய எண் சுவடின்றி மறைந்துவிடும். ஆகையால் எந்தக் கட்டத்தில், எப்பொழுது, எந்த எண் எந்த எண்ணாயிற்று என்பதைத் தனித்தாளிற் பதிந்துவரும் பத்து வரி மேக்ரோ ஒன்று, சம்பளத்தைக் கூட்டும் நூறு வரி மேக்ரோவினும் பெறுமதி உடையது என்பது என் கருத்து. அரைப்பேர் முதலில் முழுப்பேராய் இருந்ததா என்ற கேள்விக்கு அப்பொழுதுதான் விடை கிடைக்கும். மேக்ரோவை இயங்கவிடாமற் கோப்பைத் திறந்தால் அப்பதிவும் நின்றுவிடும் என்பதனால், மாதந்தோறும் முடிந்த கணக்கின் மாற்றவியலாத படி ஒன்றை வேறிடத்திற் சேமித்து வைக்கவும் வேண்டும்.

பெயரின் வழக்கு இன்னும் தீரவில்லை. செக்ரோலில் ஒரு பெயர், பிறப்பத்தாட்சியில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு பெயர் என்றிருப்பதனால் சேமலாப நிதியைப் பெற அலைபவர் தோட்டப்புறங்களில் உளர். 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம் தந்த பணம், ஓர் எழுத்துப் பிழையினால் முதுமையிலே கைக்கு எட்டாமல் நிற்கின்றது. இதற்கு மேக்ரோ பெரிதும் உதவும். பெயரைக் கொண்டு தேடாமல் அடையாள அட்டை இலக்கத்தைக் கொண்டு தேடி, இரு ஏடுகளிலும் பெயர் வேறுபடும் இடங்களை மட்டும் எடுத்துக் காட்டுமாறு செய்யலாம். திருத்துவதை மட்டும் அதனிடம் விடலாகாது. எது தன் பெயர் என்று சொல்லவேண்டியவர் அப்பெயருக்கு உரியவரே.

சம்பளச் சீட்டைத் தமிழில் அச்சிடுவதிலும் ஒரு சிக்கல் உண்டு. இலங்கையிற் பெருவழக்காய் இருந்த பாமினி எழுத்துருவில் அடித்த பெயர், அவ்வெழுத்துரு இல்லாத கணினியிலே ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாய்ச் சிதறித் தோன்றும், அகரவரிசைப்படுத்தவும் இயலாது. அவற்றை ஒருங்குறிக்கு மாற்றிவிடுவதே முதல் வேலை. மாற்றியபின்னும், எக்செலின் மேக்ரோ எழுதும் பலகை தமிழ் எழுத்தைக் கேள்விக்குறிகளாக்கிவிடும். அதற்காக மனஞ்சலித்துச் சீட்டை ஆங்கிலத்திலேயே விட்டுவிடுவோர் உண்டு. வேண்டியதில்லை. வேலை நாள், அரைப்பேர், கொழுந்து நிறை, அடிப்படைச் சம்பளம், சேமலாப நிதி, முன்பணம் என்னும் தமிழ்ச் சொற்களை விரிதாளின் கட்டங்களில் எழுதிவைத்து, மேக்ரோ அவற்றை அங்கிருந்து எடுத்துச் சீட்டிலே பதியுமாறு செய்தாற் போதும். பசறையிலோ லுணுகலையிலோ அதனை வாங்கும் பெண், கழிந்த தொகைக்கு நேரே எழுதியிருப்பது யாதென்று வாசித்து, அடுத்த நாட் காலைப் பிரட்டிலேயே அதைப்பற்றிக் கேட்கலாம்.